ஆறாவது ஆள்

விலைப்பட்டியலை யாரும் அறநூலாகப் படிப்பதில்லை. ஆனால் எதை எண்ணிக் காசு வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து நம் நடத்தை மாறிவிடுகிறது.

2008-இல் வந்த கிட்ஹப் பல வருடங்கள் பூட்டுகளை எண்ணியது. நிரலை ஊருக்குத் திறந்து வைத்தால் இலவசம். மாதம் 7 டாலர் கட்டினால் ஐந்து பிரைவேட் ரெப்போ. சம்பந்தமே இல்லாத நாலு புராஜெக்ட்டை ஒரே ரெப்போவுக்குள் திணித்தவர்கள் உண்டு. பிட்பக்கெட் தலைகளை எண்ணியது. ரெப்போ எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஐந்து பேர் வரை இலவசம். 2016-இல் கிட்ஹப்பும் தலைக்கணக்குக்கு மாறி, நிறுவனங்களிடம் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கத் தொடங்கியது.

பூட்டுக்குக் காசென்றால் ஒரே பெட்டிக்குள் பொருளைத் திணிப்போம். தலைக்குக் காசென்றால்?

என் முதல் கம்பெனியில் நாங்கள் ஐந்து பேர். ஆறாவதாக டிரெய்னியாக ஒரு பெண் வந்தாள். அவளுக்காகக் கட்டணத் திட்டத்துக்கு மாற வேண்டும். ஆபீஸ் டீச் செலவை விடக் குறைவுதான். "எதுக்குப்பா, உன் லாகினையே குடுத்துடேன்" என்றார் மேனேஜர். என் பழைய லேப்டாப்பையும் சேர்த்துக் கொடுத்தேன். அவள் எழுதியதெல்லாம் என் பெயரில் ஏறியது.

ஒருநாள் மீட்டிங்கில், பணப் பரிவர்த்தனை தோற்றால் மறுபடி முயலும் பகுதியை மேனேஜர் பாராட்டினார். "சூப்பர்ப்பா, செம கிளீனா எழுதியிருக்க." அது அவள் எழுதியது. அவளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். நான் சிரித்து வைத்தேன்.

விலைதான் என்னைப் பொய்யனாக்கியது என்று சொல்லிக்கொள்ளலாம். அது சரியில்லை. விலை அவளுக்கு ஒரு நாற்காலியை மறுத்தது, அவ்வளவுதான். வாயைத் திறக்காமல் இருந்தது நான். மிச்சப்படுத்திய காசு கம்பெனிக்கு, பாராட்டு எனக்கு, நஷ்டம் மட்டும் கேட்க முடியாத இடத்தில் இருந்தவளுக்கு. சிக்கனம் என்று நாம் பெருமைப்படும் பலவற்றில், இப்படிக் கணக்கில் வராத ஒருவர் கட்டிய பணம் இருக்கிறது.

2019-இல் கிட்ஹப் மூன்று கூட்டாளிகள் வரை பிரைவேட் ரெப்போவை இலவசமாக்கியது. 2020-இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டது. இன்று எந்த டிரெய்னிக்கும் லாகின் கடன் வாங்கும் அவசியம் இல்லை.

ஆனால் கிட்டில் எழுதியவர் பெயரும் சேர்ந்துதான் கமிட்டின் ஹேஷ் உருவாகிறது. பழைய கமிட்டில் பெயரைத் திருத்தினால், அதற்குப் பிறகு வந்த எல்லாமே மாறும். அந்த மீட்டிங்கில் "அது இவங்க எழுதினது சார்" என்று சொல்ல மூன்று விநாடி போதுமாக இருந்தது.