கடலில் யாருக்கு எவ்வளவு?

நீதி என்பது நமக்கு வரவேண்டியதைக் கேட்பது மட்டுந்தானா? பிறருக்கு நாம் தரவேண்டியதை எண்ணிப் பார்ப்பதும் அதனுள் அடங்காதா? காரைக்காலை அடுத்த கிளிஞ்சல்மேட்டுக் கரையில் நிற்கும்போது இக்கேள்வி நம்மை எளிதில் விடுவதில்லை.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கண்ட கரை அது. அன்று உயிர் பறித்த கடலையே நம்பி அம்மக்கள் இன்றும் வாழ்கின்றனர். 2025 ஜனவரி 28-இல் நெடுந்தீவுக் கடலில் இலங்கைக் கடற்படை, காரைக்கால் விசைப்படகிலிருந்த 13 பேரைப் பிடித்தது. துப்பாக்கிக் குண்டு பட்டுச் சிலர் காயமுற்றனர். வயிற்றுக்காக வலை வீசுவோர்மேல் குண்டு பாய்வதை எந்த அறமும் ஏற்காது.

ஆயினும், நம் சிந்தனை அங்கேயே நின்றுவிடலாகாது.

கத்தோலிக்கத் தலைவர் போப் ஆறாம் பால் 1964-இல் பம்பாய் வந்து சென்றவர். 1967-இல் அவர் வெளியிட்ட 'மக்களின் முன்னேற்றம்' என்னும் சுற்றுமடல், பூமியின் செல்வம் மாந்தர் அனைவருக்கும் உரியது. தனியுடைமை எவருக்கும் எல்லையற்ற உரிமையன்று என வாதிட்டது. நீர் மக்கள் அனைவருக்கும் பொதுவென்று நபிகள் நாயகம் (ஸல்) போதித்ததை அறிந்த நமக்கு இது அந்நியக் கருத்தன்று. செல்வ நாடுகளை நோக்கி ஏழை நாடுகள் இவ்வாதத்தை எடுத்துரைப்பது முற்றிலும் நியாயமே.

ஆனால் பாக் நீரிணையில் இதே வாதம் நம்மை நோக்கித் திரும்புகிறது. 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் கூடிச் செய்த உடன்படிக்கையால் கொல்லம் கரையில் மீன்பிடித்தொழிலை நவீனமாக்கும் திட்டம் எழுந்தது. ஏழை மீனவரை உயர்த்துவதே அதன் நோக்கம். பின்னர் இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறவே, கடலின் அடித்தரையை வழித்தெடுக்கும் இழுவைமடி நம் கரைகளில் பெருகிற்று. குஞ்சும் முட்டையும் அதற்கு மிஞ்சுவதில்லை. அக்கரையிலோ, 1983 முதல் 2009 வரை நீடித்த போரால் கடலை இழந்திருந்த மன்னார், யாழ்ப்பாண மீனவர், சிறுபடகோடு மீண்டனர். அவர்களும் தமிழரே; ஏழைகளே. அவர்களுடைய வலைகளை நம் விசைப்படகுகள் அறுத்துச் செல்கின்றன. இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்ததற்கு அவர்களின் கண்ணீரும் காரணம்.

அப்படியானால் கிளிஞ்சல்மேட்டுத் தொழிலாளியைக் குற்றவாளியென்போமா? கூடாது. பங்குக் கூலிக்குப் படகேறுகிறவர் படகின் உரிமையாளர் அல்லர். மடியைத் தேர்ந்தவரும் அல்லர். அவருக்கு மாற்றுத்தொழிலோ ஆழ்கடல் படகோ தராமல், 'எல்லை தாண்டாதே' என்று மட்டும் சொல்வது உபதேசமாகுமேயன்றி நீதியாகாது. படகுக்குக் கடன் கொடுத்தவரும், ஏற்றுமதியில் இலாபம் கண்டவரும், இறாலை விரும்பி உண்ணும் நாமுங்கூட அந்தச் செலவில் பங்கேற்க வேண்டியவர்களே.

நம்மினும் வலியவரிடம் நீதி கேட்கும் நாம், நம்மினும் எளியவரின் வலையை மிதிக்கும்போது நம் வழக்கை நாமே தோற்கிறோம். அக்கரையின் வலை அறுபடாதிருந்தால்தான் இக்கரையின் முறையீட்டுக்கு வலிமை உண்டு.