குலா மணவிலக்கும் உரிமையின் இயல்பும்

மணவிலக்கு உரிமை அரசு வழங்குவதா, முன்னரே உள்ளதனை அரசு ஏற்பதா என்னும் வினாவிற்குக் கேரள உயர்நீதிமன்றம் இருவேறு காலங்களில் இருவேறு விடைகளைத் தந்துள்ளது.

இசுலாமிய நெறியில் மனைவி தானே முன்வந்து மணவாழ்வினின்று விலகும் முறை ‘குலா’ எனப்படும். ஈடு அளித்து விடுபடுதலைத் திருக்குர்ஆன் (2:229) குறிப்பிடுகின்றது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டமும் குலாவைப் பெயர் சுட்டி ஏற்றது. ஈராண்டுகள் பராமரிக்காமை, கொடுமை முதலிய காரணங்களை மெய்ப்பித்து நீதிமன்றத்தில் மணவிலக்குப் பெற 1939ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. ஆயின், இச்சட்டத்திற்குப் பின் நீதிமன்றத்திற்கு வெளியே பெண்ணுக்கு வேறு வழியில்லை என 1972இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துணையாக வந்த சட்டமே தடையாயிற்று. 2021 ஏப்ரலில் நீதிபதிகள் ஏ.முகமது முஷ்டாக், சி.எஸ்.டயஸ் ஆகியோர் அத்தீர்ப்பை மாற்றினர். குலாவிற்குக் கணவனின் இசைவு வேண்டுவதில்லை என்பதும் 2022இல் சீராய்வு மனுவின்மீது உறுதிசெய்யப்பட்டது.

காரணத்தை மெய்ப்பித்த பின்னரே விலகலாம் எனின், அது பிறர் தரும் அனுமதியாகுமேயன்றி உரிமையாகாது. குலாவிலோ பெண்ணின் விருப்பமே அடிப்படை. ஈட்டை அளித்தலும் இணக்கத்திற்கு முயலுதலும் அவ்விருப்பத்தை நெறிப்படுத்துவன, மறுப்பன அல்ல. புதுவழி திறக்கும் சட்டம் பழைய வழியை அடைத்தலாகாது என்பதே இத்தீர்ப்புகளால் பெறப்படும் அறமாகும்.