நோன்பும் பட்டினியும்



ஆதிபகவன் துறவு பூண்டபின் ஆறு திங்கள் உண்ணா நோன்பேற்று யோகத்தில் நின்றார். அது நிறைவுற்றுச் சரியைக்கு எழுந்தருளியபோது, மக்கள் அன்பு மிகுதியால் பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொணர்ந்து காணிக்கையாக்கினர். ஒரு கவளம் உணவளிக்க வேண்டுமென்பதை எவரும் அறிந்திலர். மேலும் பல திங்கள் கழிந்தன. முடிவில் அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் கரும்புச்சாறு அளித்த நாளையே அட்சய திருதியையாகக் கொண்டாடுகிறோம்.

முதல் ஆறு திங்கள் பகவான் தாமே ஏற்றவை, அது தவம். பின்னைய திங்கள்கள் கொடுக்க அறியாத மக்களால் நேர்ந்தவை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணலாகாது.

வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் வாழும் நாம் இவ்வேறுபாட்டைக் கண்ணாரக் கண்டவர்கள். பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த தோல் ஆலைகள் குறித்து 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்க வகை செய்யாத ஆலைகள் மூடப்பட வேண்டுமென்றது. நீரைக் காக்க அது வேண்டிய தீர்ப்பே. ஆயினும், நஞ்சைப் பாய்ச்சாத கூலியாளின் அடுப்பே முதலில் அணைந்தது.

அக்காலத்தில் எம் வகுப்பில் ஒரு சிறுமி, சத்துணவில் பாதியை உண்டு மீதியைத் தூக்கில் எடுத்துச் செல்வாள். காரணம் வினவினோம். "அம்மா விரதம் இருக்காங்க டீச்சர். ராத்திரி இதைத்தான் சாப்பிடுவாங்க" என்றாள். அவள் தந்தைக்கு அப்போது வேலையில்லை. அத்தாய் தன் பட்டினிக்கு விரதமென்று பெயரிட்டு மகளிடமிருந்து மறைத்திருந்தாள். ஆண்டுதோறும் நோன்பு நோற்கும் நாம் அன்று நாணித் தலைகுனிந்தோம்.

துன்பம் அத்துடன் நிற்கவில்லை. 2020 மார்ச் 25-இல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. காலணித் தொழிற்சாலைகளும் நின்றன. 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின்மேல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியது. காலணிகளும் அவற்றுள் அடங்கும். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குச் செல்வோரில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டிலிருந்தே ஜோடிக் கணக்கில் கூலி பெற்று ஷூவின் மேற்பகுதியைத் தைப்பவர்களும் உளர். எங்கோ ஒரு நாட்டில் ஆர்டர் குறைந்தால், இங்கே முதலில் கூலி குறையும். பின்னர் நகை அடகுக்குப் போகும். குழுக்கடன் தவணை தவறும். இறுதியில் மகளின் படிப்பு நிற்கும். சிக்கனம் என்னும் சொல் செல்வர்க்கு அறிவுரை. இல்லாதவர்க்கு அது தாயின் தட்டு காலியாதல்.

"தோல் தொழில் இம்சைத் தொழிலாயிற்றே, அவர்க்கு நாம் இரங்குவதா?" என்று கேட்பாரும் நம்மில் உண்டு. நம் அறம் அத்தொழிலை விலக்கியது, மனிதரை விலக்கவில்லை. கண்ணுக்குப் புலப்படா உயிர்களுக்கு இரங்கி நீரை வடிகட்டிப் பருகும் நாம், அடுத்த தெருவில் பசித்திருக்கும் குழந்தைக்கு இரங்காவிடில், வடிகட்டும் துணி தூயதாயினும் உள்ளம் தூயதாகுமோ?

செய்யத்தக்கது யாது? ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நான்கு தானங்களே வழிகாட்டும். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் நாம் விடும் வேளையின் அரிசியைத் தனிப்பானையில் சேர்ப்போம். அண்டையிலுள்ள ஒரு குடும்பத்தின் மருந்துச் செலவையோ, ஒரு மாணவியின் கட்டணத்தையோ ஏற்போம். கடன் கொடுத்தவர் தவணைக்காக அச்சுறுத்தாதிருத்தலும் அபயதானமே. கொடுப்பதை, பெறுபவர் முகம் வாடாதபடி, ஓசையின்றிக் கொடுப்போம்.

அன்று மக்களிடம் பொன்னுக்குக் குறைவில்லை. எது தேவையென்று அறியும் அறிவே குறைந்திருந்தது. சிரேயாம்சன் அதனை அறிந்தான். நாமும் அறிவோமாக. நோன்பு நமதாகுக, பட்டினி எவர்க்கும் இல்லாதொழிக.

அறம் வளர்க!