மாம்பழத் திருடனும் 16 எம்பி வீடியோவும்

ஐபோனின் கேமரா அமைப்பைத் திறந்தால் அங்கே ஒரு சின்னக் கணக்கு எழுதியிருக்கும். 1080பி அளவில், நொடிக்கு 30 ஃபிரேம் வீதம் ஒரு நிமிடம் எடுத்தால் சுமார் 60 எம்பி. 4கே என்றால் 170 எம்பி. காதுகுத்தை ஐந்து நிமிடம் எடுத்தவர் அதை ஊரிலிருக்கும் பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அந்தச் செயலியில் வீடியோவுக்கு நெடுங்காலம் இருந்த வரம்பு 16 எம்பி. ஆகவே அனுப்பும்போதே போன் அதைச் சுருக்கிவிடும். குழந்தை வீறிடுவதையும் தாய்மாமன் மடியையும் பார்த்த பெரியம்மாவுக்குத் திருப்தி. ஆனால் இரண்டு போன்களிலும் உள்ள கோப்புகளை அருகருகே வைத்தால் அளவும் வேறு, உள்ளிருக்கும் எண்களும் வேறு. அப்படியென்றால் பெரியம்மா பார்த்தது அந்த வீடியோவைத்தானா?

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க மன்னன் மெனாண்டர், நாகசேனர் என்ற பிக்குவிடம் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். பாலி மொழி நூலான 'மிலிந்த பஞ்ஹா' அந்த உரையாடலைச் சொல்கிறது. அன்று பிறந்த சிசுவும் இன்று வளர்ந்து நிற்கும் ஆளும் ஒருவர்தானா என்ற கேள்விக்கு நாகசேனர் இரவெல்லாம் எரியும் விளக்கைக் காட்டுகிறார். முதல் சாமத்துச் சுடரும் கடைச் சாமத்துச் சுடரும் ஒன்றல்ல. அதற்காக இரண்டு விளக்குகள் எரிந்தன என்றும் சொல்ல முடியாது. ஒன்றைச் சார்ந்து அடுத்தது எழுகிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. வீடியோவிடம் இந்தப் பதில் செல்லுமா என்று பார்க்க, சுருக்கும்போது உள்ளே நடப்பது கொஞ்சம் தெரிய வேண்டும்.

முதலில் அடிபடுவது 'ஒரிஜினல்' என்ற நம்பிக்கை. ஒரு 1080பி ஃபிரேமில் 20,73,600 பிக்சல்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று பிக்சலுக்கு மூன்று பைட். அப்படியே சேமித்தால் நிமிடத்துக்கு 11 ஜிபிக்கு மேல் ஆகும். அது போனில் 60 எம்பியாக உட்கார்ந்திருக்கிறதென்றால், பெரியம்மாவுக்கு அனுப்புவதற்கு வெகுமுன்பே, எடுத்த கையோடு 180-ல் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. இன்னும் பின்னால் போகலாம். பெரும்பாலான கேமரா சென்சர்களில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பு அது. மற்ற இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்து போனே ஊகித்துக்கொள்கிறது. மாசுபடாத மூலத்தைத் தேடிக் கிளம்பினால், காதுகுத்து நடந்த கூடத்துக்கே போய்ச் சேர வேண்டியதுதான்.

சுருக்கும் வேலையில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. திரும்பத் திரும்ப வருவதை ஒருமுறை மட்டும் சொல்வது முதல் வகை. பின்சுவர் 300 ஃபிரேமிலும் அசையவில்லை என்றால் அதை 300 முறை எழுத வேண்டியதில்லை. இதில் எதுவும் தொலைவதில்லை. கண் கவனிக்காது என்று கருதப்படுவதைத் தூக்கிப்போடுவது இரண்டாம் வகை. அதில் போனது போனதுதான்.

இரண்டாம் வகைக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972-ல் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் ஆய்வு நிதி கேட்டார். யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறதென்று மறுத்துவிட்டார்கள். விடாமல் வேலை செய்து, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய இருவருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையை வெளியிட்டார். படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் பெரிய அலைகளும் நுண்ணிய அலைகளும் சேர்ந்த கூட்டாக எழுதும் முறை அது. எழுதிய பிறகு நுண்ணிய அலைகளின் எண்களை முரட்டுத்தனமாக முழுமையாக்கினால் பாதிக்கு மேல் பூஜ்யமாகிவிடும்; பூஜ்யங்களைச் சேமிக்க இடம் அதிகம் வேண்டாம். 2003-ல் வந்த எச்.264, 2013-ல் வந்த எச்இவிசி ஆகிய வீடியோச் சுருக்க முறைகள் இரண்டுமே இதன் வழித்தோன்றல்கள். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் வீடியோவைச் சிறிதாக்குகிறவர் திருகும் தர எண், இந்த முரட்டுத்தனத்தின் அளவுதான். எக்ஸ்264 என்ற என்கோடரில், அதாவது சுருக்கும் நிரலில், அது 0-லிருந்து 51 வரை போகும். தானாக நிற்கும் இடம் 23. எண் ஏற ஏறக் கோப்பு மெலியும். 18-ஐ ஒட்டி வைத்தால் பெரும்பாலோருக்கு வித்தியாசமே தெரியாது என்பார்கள்.

யாருக்குத் தெரியாது? 1710-ல் ஐரிஷ் தத்துவவாதி பெர்க்லி, காணப்படுவதுதான் இருப்பது என்று வாதிட்டார். ஆள் இல்லாத காட்டில் மரம் மறைந்துபோகாதா என்று கேட்டால், கடவுள் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவர் பதில். என்கோடரும் பெர்க்லியின் கட்சிதான், ஆனால் அதன் உலகில் கடவுளின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சராசரிப் பார்வையாளர். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.500 என்ற பரிந்துரையே இருக்கிறது: ஆட்களை உட்கார வைத்து, படத்தைக் காட்டி, ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் வாங்குவது எப்படி என்று சொல்வது. வெளிச்ச வேறுபாட்டைக் கண் கூர்மையாகப் பிடிக்கும், நிற வேறுபாட்டில் மந்தம். ஆகவே சாதாரண போன் வீடியோவில் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல்தான் மிஞ்சுகிறது. பட்டுப்புடவையின் மெல்லிய சிவப்புக் கரை சுருக்கிய வீடியோவில் கசிந்து நிற்பது இதனால்தான். நெசவாளியின் கண் அந்த மதிப்பெண் அறையில் உட்கார்ந்திருந்தால் கணக்கு வேறாகியிருக்கலாம்.

கருவறைத் தீபாராதனையைவிட என்கோடருக்குத் தொல்லை தரும் காட்சி குறைவு. சுற்றிலும் இருட்டு, நடுவே ஒற்றைச் சுடர், அதுவும் நிலையாக இல்லை, மேலே கர்ப்பூரப் புகை. இருட்டின் நுண்ணிய படிநிலைகளை என்கோடர் முதலில் கைவிடும். கன்னங்கரிய கல் மேனியின் வளைவுகள் அங்கேதான் இருக்கின்றன. எந்த ஃபிரேமிலும் புகை முந்தைய ஃபிரேமைப் போல இல்லாததால் அடுத்ததை ஊகிக்க முடியாது. கட்டம் கட்டமாக உடையும். மழை, அருவி, உற்சவத்தில் தூவும் பூ எல்லாம் இதே ரகம். ஒரு மரபு எதைப் புனிதமான கணம் என்று தேர்ந்ததோ, அதையே இந்தக் கணிதம் வேண்டாத இரைச்சல் என்று படிக்கிறது. இதில் யார்மேலும் குற்றமில்லை. ஆனால் எது தேவையற்றது என்ற தீர்ப்பு கோப்புக்குள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

காலத்தைச் சுருக்கும் விதம் இன்னும் விசித்திரம். வீடியோவில் அவ்வப்போதுதான் ஒரு முழுப் படம் வரும். இடையிலுள்ள ஃபிரேம்களில் படம் கிடையாது. 'முன்னதிலிருந்து இந்தக் கட்டத்தை எடு, இத்தனை புள்ளி வலப்பக்கம் தள்ளு, இவ்வளவு திருத்து' என்ற குறிப்புகள்தான். சில ஃபிரேம்கள் பின்னால் வரப்போகும் ஃபிரேமையும் சார்ந்திருக்கும். அதனால் திறக்கும் வரிசை வேறு, காட்டும் வரிசை வேறு. மணிமேகலைக்கு அறவண அடிகள் உபதேசித்த பன்னிரு சார்பை இங்கே நினைக்காமல் இருப்பது கடினம்: தனக்கென்று நிலைத்த ஒன்றும் இல்லை, ஒவ்வொன்றும் பிறிதொன்றைச் சார்ந்து தோன்றுகிறது. ஆனால் எதிர்காலம் நிகழ்காலத்துக்குச் சார்பாவதை அடிகள் ஒப்புக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம்.

பௌத்தர்களின் கணபங்க வாதத்தை எதிர்த்தவர்களுக்கும் இங்கே ஒரு பிடி கிடைக்கிறது. எல்லாம் கணந்தோறும் அழிகிறது என்றால், நேற்றுக் கண்டவனே இன்று நினைக்கிறான் என்பது எப்படி என்று அவர்கள் கேட்டார்கள். வீடியோவைத் திறக்கும் கருவியும் முந்தைய ஃபிரேம்களை ஒரு நினைவிடத்தில் தாங்கி வைத்தாக வேண்டும், எச்.264-ல் அதிகபட்சம் 16. தாங்குவது ஒன்று இல்லாமல் சார்பு மட்டும் படமாகாது. அந்த நினைவிடமும் கணந்தோறும் மாறிக்கொண்டுதானே இருக்கிறது என்று பௌத்தர் திருப்பிக் கேட்கலாம், நியாயமான கேள்விதான். தாங்கியதே தவறாக இருந்தால் நடப்பதைச் சிலர் கலையாகவே செய்திருக்கிறார்கள். முழு ஃபிரேமை வேண்டுமென்றே நீக்கிவிட்டால், புதிதாக வருபவரின் அசைவு, போய்விட்டவரின் முகத்தின்மேல் ஓடும். 2009-ல் கான்யே வெஸ்ட் வெளியிட்ட ஒரு பாடலின் வீடியோ முழுக்க இந்த வித்தைதான்: வினை ஒருவருடையது, உடல் இன்னொருவருடையது.

உருவம் மாறியும் அதுவேதான் என்று சொல்லும் இன்னொரு வழக்கம் கோயிலிலேயே உண்டு. திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்கிறபோது, கருவறை மூர்த்தியின் சக்தியை மந்திரத்தால் கும்ப நீருக்கு இழுப்பார்கள். கலாகர்ஷணம் என்று பெயர். வேலை முடியும்வரை பூசையெல்லாம் அத்திப் பலகைக்கோ படத்துக்கோ நடக்கும். குடமுழுக்கின்போது சக்தி கல்லுக்குத் திரும்பும். பலகைக்கும் சிலைக்கும் சாயல் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. வீடியோவில் நேர் எதிர்: சாயலைத் தவிர வேறெதுவும் பெயர்வதில்லை. எனவே நேரலைத் தரிசனம் தரிசனமாகுமா என்ற கேள்விக்கு 4கே-யா 480பி-யா என்பது விடையாகாது. ஆகம வழியில் நிற்பவர் கேட்க வேண்டியது, யாராவது எதையாவது ஆவாகனம் செய்தார்களா என்பதைத்தான்.

சட்டம் இந்தச் சிக்கலில் எல்லாம் மாட்டிக்கொள்ள விரும்பவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுச் சாட்சியத்தோடு தரும் சான்றிதழில் அந்தக் கோப்பிலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணான ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் அடியோடு வேறாகிவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பியது நீதிமன்றத்துக்கு வேறொரு பொருள். அதையே 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பியிருந்தால் பிட் மாறாமல் போயிருக்கும். 2022-லிருந்து அந்த வழியில் 2 ஜிபி வரை அனுப்பலாம். வழக்கு, விபத்து, காப்பீடு என்று பின்னால் தேவைப்படக்கூடிய எதையும் இந்த இரண்டாம் வழியில் அனுப்புவதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் ஹாஷ் மாறிவிட்டதால் பொறுப்பும் அறுந்துவிடுமா? நாகசேனரிடம் இதற்கு ஒரு திருடன் கதை இருக்கிறது. ஒருவன் தோப்பில் மாம்பழம் திருடி மாட்டிக்கொள்கிறான். 'இவர் நட்டது வேறு மாங்கொட்டை, நான் பறித்தது வேறு பழம்' என்கிறான். பழம் அந்தக் கொட்டையைச் சார்ந்துதான் வந்தது, ஆகவே தண்டனை உண்டு என்று மன்னனே ஒப்புக்கொள்கிறான். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றமும் ஏறக்குறைய அங்கேதான் போய் நின்றது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவைத் தான் எழுதவில்லை, வந்ததை அப்படியே அனுப்பினேன் என்ற வாதத்தை ஏற்காமல், அனுப்பியவரே பொறுப்பு என்று சொல்லி வழக்குகளை ரத்து செய்ய மறுத்தது. ஒன்றா வேறா என்ற கேள்வியில் பிட் கணக்கைவிடவும் சாயலைவிடவும் இந்தச் சங்கிலிதான் உறுதியானது. பெரியம்மா பார்த்தது அந்தக் காதுகுத்தைத்தான். காரணம் படத்தின் தெளிவு அல்ல, கூடத்திலிருந்து அவர் கைவரை அறுபடாமல் வந்த சார்பு.

சங்கிலியில் வெளியிலிருந்து ஏதாவது நுழைந்தால் மட்டும் இந்த வாதம் நிற்காது. சுருக்கியதை மறுபடி பெரிதாக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் செய்வது அதைத்தான். மண்ணில் இல்லாத குடம் வராது என்பார்கள், விளைவு காரணத்திலேயே உண்டு என்னும் சற்காரியவாதிகள். இந்த மென்பொருளிலோ குடம் வந்துவிடுகிறது, வேறு யாரோ வீட்டு மண்ணிலிருந்து. 2020-ல் டியூக் பல்கலைக்கழகத்தின் பல்ஸ் என்ற கருவியிடம் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது, அது தெளிவான ஒரு வெள்ளையரின் முகத்தைக் கொடுத்தது. 2024-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கொலை வழக்கில், போனில் எடுத்த மங்கலான வீடியோவை இப்படித் துலக்கி, மூலத்தைப் போல் ஏறத்தாழ 16 மடங்கு பிக்சல்களோடு குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு கொண்டுவந்தது. நீதிபதி அதைச் சாட்சியமாக ஏற்கவில்லை. அங்கே என்ன நடந்தது என்பதைக் காட்டாமல், என்ன நடந்திருக்க வேண்டும் என்று மென்பொருள் நினைப்பதைக் காட்டுகிறது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.