முன்பணம் கொடுக்கும் முன்

உழைத்துப் பிழைக்கும் என் மக்களே, பழைய குட்டி யானை வண்டி ஒன்றை வாங்கக் கிளம்பிவிட்ட தம்பிமார்களே, அவர்களை வழியனுப்பும் தாய்மார்களே, கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் கையில் இருக்கும் பணம் எப்படிச் சேர்ந்தது என்று ஊருக்கே தெரியும். பாதி அடகுக் கடையில் வைத்த நகை, பாதி மகளிர் குழுவில் எடுத்த கடன். அதைப் புதுப் பெயின்ட்டின் பளபளப்பைப் பார்த்து நீட்டிவிடாதீர்கள். புரோக்கரின் ஒரு சொல்லை நம்பி நீட்டிவிடாதீர்கள். "சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வருது, இப்பவே அட்வான்ஸ் போட்டுடுங்க" என்பார். வரட்டும். அந்தப் பார்ட்டியே எடுத்துக்கொண்டு போகட்டும். கைநழுவிப் போன வண்டியால் எந்தக் குடும்பமும் அழிந்ததில்லை. பார்க்காமல் வாங்கிய வண்டியால் நடுத்தெருவுக்கு வந்த குடும்பங்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

2005-இல், நாம் குட்டி யானை என்று அழைக்கும் டாடா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன், முக்கால் டன் சுமை. அதுவரை கூலிக்கு வண்டி ஓட்டியவர்கள் பலர் அதனால் சொந்த வண்டிக்காரர் ஆனார்கள். 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. காய்கறி, தண்ணீர் கேன், சிமென்ட் மூட்டை, கல்யாணப் பந்தல் என்று நம் வாழ்க்கையையே இந்த வண்டிகள் சுமந்தன. அன்று வந்தவை இன்று கிழண்டுபோய், நாலைந்து கை மாறி விற்பனைக்கு நிற்கின்றன. அவற்றில் நல்லதும் உண்டு, செத்ததும் உண்டு. பெயின்ட் அடித்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல், நாலடி நடக்கவிட்டுப் பார்க்காமல் மாடு பிடித்தவர்களா நம் தாத்தாக்கள்? அந்தப் பொறுமை எங்கே போனது?

காலையில் போங்கள். இன்ஜின் சூடாகும் முன் போங்கள். "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். சீட்டைத் தூக்கி இன்ஜின்மேல் கை வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆக மறுப்பதை யாரோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். ஆறிய நிலையிலேயே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். பிறகு ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். அங்கே புகை குபுகுபுவென்று தள்ளினால், மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்று சொல்லும் கோளாறு அதுதான். பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்துவிட்டன, இன்ஜின் வேலை காத்திருக்கிறது. சைலன்சரில் நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் ஓயாவிட்டால் டீசல் முழுதாக எரியாமல் போகிறது, அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது. இவ்வளவையும் பார்க்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தைத் தர மறுக்கிறவரிடம் வண்டி வாங்காதீர்கள்.

இன்ஜினைக்கூடப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். சேசிஸ் போனால் எல்லாம் போயிற்று. ஆகவே குனியுங்கள். வேட்டியோ பேன்ட்டோ அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுத்துப் பாருங்கள். துரு தின்ற இடம் எது, வெல்டிங் வைத்த இடம் எது, கருப்புப் பெயின்ட் மட்டும் புதிதாக இருக்கும் இடம் எது என்று விரலால் தட்டித் தட்டிப் பாருங்கள். பின்னால் ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுங்கள். கம்பெனி வைத்ததைவிடக் கூடுதலாக ஒன்று சொருகியிருந்தால், அந்த வண்டி எப்படி வதைபட்டது என்று உங்களுக்கே புரியும். ஒரு செங்கல் சுமார் 3 கிலோ. முக்கால் டன் என்றால் 250 கல். 500 கல் ஏற்றிக்கொண்டு மேடு ஏறும் குட்டி யானைகளை நாம் தினமும் பார்க்கிறோம், பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தச் சுமையெல்லாம் அந்த இரும்பில் பதிந்திருக்கிறது. நாளை நீங்களும் அப்படித்தான் ஏற்றப்போகிறீர்கள் என்றால், உங்களுக்கும் சேர்த்தே எச்சரிக்கிறேன்: தாங்காத வண்டியில் ஏற்றும் ஒவ்வொரு கல்லும் எதிரே சைக்கிளில் வரும் பிள்ளையின் தலைக்கு மேல்தான் தொங்குகிறது.

டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குக் காட்டுவதற்காக நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, காட்டி முடித்ததும் கழற்றிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இது சாமர்த்தியம் என்று இனி யாரும் பேசாதீர்கள். அது பாவம். பிரேக்கைப் பாருங்கள், வெறும் வண்டியில் மட்டும் பார்க்காமல் சுமை வைத்தும் பாருங்கள். சரிவில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீயரிங் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரிந்த மெக்கானிக்கைக் கையோடு அழைத்துப்போய், அவருடைய ஒரு நாள் கூலியை மனம்கோணாமல் கொடுங்கள்.

அடுத்தது காகிதம். சேசிஸில் குத்தியிருக்கும் எண்ணும் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் இருக்கும் எண்ணும் ஓர் எழுத்துகூட மாறாமல் பொருந்த வேண்டும். சுரண்டி, ராவி, மறுபடி குத்திய தடம் தெரிந்தால் அங்கிருந்து வந்துவிடுங்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால், தடையில்லாச் சான்றும் கடன் நீக்கத்துக்கான படிவம் 35-ம் கைக்கு வராமல் பணம் தராதீர்கள். "அதெல்லாம் அடுத்த வாரம் வந்துடும்" என்றால், நீங்களும் அடுத்த வாரமே வாருங்கள். எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. புதுப்பிக்க வேண்டும்; எப்போது முடிகிறது என்று பாருங்கள். மணல் வழக்கிலோ ரேஷன் அரிசிக் கடத்தலிலோ அந்த வண்டி சிக்கியிருக்கிறதா, அபராதச் சலான் பாக்கி இருக்கிறதா என்று விசாரியுங்கள். யாரோ செய்த குற்றத்துக்கு உங்கள் வண்டி காவல் நிலைய வாசலில் துருப்பிடிக்க வேண்டாம்.

விற்கிறவர்களே, புரோக்கர்களே, மெக்கானிக்குகளே, உங்களையும் விட்டுவிட்டுப் பேச முடியாது. கிராக் விட்ட சேசிஸைப் பெயின்ட்டால் மூடுகிறவர் யாரை மூடுகிறார்? மீட்டரைத் திருப்பி வைக்கிறவர் எதைத் திருப்பி வைக்கிறார்? கெட்டி ஆயிலை ஊற்றிப் புகையை இரண்டு நாள் அடக்கி வைக்கிறவர், மூன்றாம் நாள் மலைப்பாதையில் நின்றுபோகும் வண்டிக்குள் இருப்பவனுக்கு என்ன பதில் சொல்வார்? குறையைச் சொல்லி விற்றால் பத்தாயிரம் குறையும். குறையட்டும். மறைத்து வாங்கிய பத்தாயிரத்துக்குக் கணக்குக் கேட்கப்படாமல் போகாது. நமக்குள் ஒருவன் ஏமாறுகிறான் என்று தெரிந்தும் டீக்கடையில் வாய்மூடி நிற்கும் நாமும் அந்தக் கணக்கில் இருக்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைச் சொல்லும்போது நெஞ்சு பதறுகிறது. வண்டி வந்த முதல் வாரத்திலேயே குலதெய்வக் கோயிலுக்கு என்று சொல்லி, கிழவி முதல் கைக்குழந்தை வரை பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறோம். சரக்கு வண்டியில் இப்படிப் பயணம் செய்கிறவர்களைக் கட்டாயக் காப்பீடு காக்காது என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே ஆஷா ராணி வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கவிழ்ந்தால் உயிரும் போகும், காப்பீட்டுப் பணமும் கிடைக்காது. வேண்டாம் அய்யா. வேண்டாம் அம்மா. பஸ்ஸில் போங்கள், வேன் பிடியுங்கள், அடுத்த ஆடிக்குப் போங்கள்.

வாங்கியாயிற்றா? உடனே பெயர் மாற்றுங்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். காப்பீட்டைப் பெயர் மாற்றவும் 14 நாள்தான். "தீபாவளி முடியட்டும்", "கொஞ்சம் லோடு அடித்துப் பணம் வரட்டும்" என்று தள்ளாதீர்கள். விபத்து உங்கள் தீபாவளிக்காகக் காத்திருக்காது.

விற்றுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பல கை மாறிய ஒரு வண்டி மோதி உயிர் போன வழக்கில், பதிவில் யார் பெயர் இருந்ததோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எப்போதோ விற்றுப் பணம் வாங்கிச் செலவழித்தவர் அவர். உங்கள் பழைய வண்டி இன்று யார் கையில் ஓடுகிறது? பிரேக் இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது? தெரியாதென்றால் இன்று இரவே போனில் வண்டி எண்ணைப் போட்டு அரசின் வாகன் தளத்தில் பாருங்கள். இன்னும் உங்கள் பெயரே இருந்தால், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-ஐயும் 30-ஐயும் எடுத்துக்கொண்டு, வாங்கியவரையும் கையோடு கூட்டிக்கொண்டு காலையில் ஆர்.டி.ஓ. அலுவலகம் திறக்கும்போது அங்கே நில்லுங்கள்.