நிறம் மாறும் மணியும் நிலை மாறா ஆன்மாவும்

வைகை வளம் கொழிக்கும் சோழவந்தானுக்கு வெற்றிலைக் கொடிக்கால்கள் தனிச் சிறப்பு. இத்திருத்தலத்தில் எழுந்தருளியிருக்கும் ஜெனக நாராயணப் பெருமாளைச் சேவிக்க வருவோர் அவ்வெற்றிலையின் பெருமையை அறியாமல் திரும்புவதில்லை. வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, பாக்கோ பழுப்பு. மூன்றும் வாயிற் கூடினால் சிவப்புத் தோன்றுகிறது. மூன்றில் ஒன்றிலும் கண்ணுக்குப் புலப்படாத அச்சிவப்பு எங்கிருந்து வந்தது?

விளையாட்டுக் கேள்விபோல் தோன்றும் இது, பாரதத்தின் தத்துவ விவாதங்களில் மிகப் பழமையானது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியவற்றின் சேர்க்கையில் சிவப்புப் பிறப்பதுபோல், பூதங்களின் சேர்க்கையில் அறிவு பிறக்கிறது. உடலுக்கு வேறாக ஆன்மா என ஒன்று இல்லை என்று உலகாயதர் வாதிட்டனர். வேதாந்திகள் அதனை மறுத்தனர். முற்றிலும் இல்லாத ஒன்று தோன்றுவதில்லை. காரணத்தில் அடங்கியிருந்ததே காரியமாக வெளிப்படுகிறது என்பது ஸத்கார்யவாதம். பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருளே சுண்ணாம்பின் காரத்தால் சிவக்கிறது என்று இன்றைய வேதியியலும் கூறுகிறது. சிவக்கும் தன்மை பாக்கினுள் இருந்தது; அதனை வெளிப்படுத்தியது சுண்ணாம்பு.

இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. பல்லாண்டு சாதுவாய் வாழ்ந்த ஒருவர், வறுமை வந்தபோது பொய்யுரைக்கிறார். பொறுமைக்குப் பேர்போன ஒருவர், பாகப்பிரிவினையில் கடுஞ்சொல் பேசி உடன்பிறந்தாரைப் பிரிகிறார். சுற்றத்தார் திகைத்து, ‘இவருடைய உண்மை நிறம் இதுதானோ? இத்தனை நாள் கண்டதெல்லாம் வேடமோ?’ என்று கேட்கின்றனர். அந்நிறம் அவருடையதா, அவரைச் சுட்ட தீயினுடையதா? விடை எதுவோ, அதனைப் பொறுத்தே அவரை மீண்டும் வீட்டினுள் அழைப்பதும், வாசலோடு நிறுத்துவதும் அமைகின்றன. ஆதலின் இது தத்துவக் கேள்வி மட்டுமன்று, அறக்கேள்வியுமாம்.

இதற்கு விடை காண, தீயோடு பழகும் ஒரு சிறு கைத்தொழில் துணைசெய்கிறது. அதுவே கண்ணாடி மணி செய்யும் தொழில்.

தமிழகத்துக்கு இத்தொழில் புதிதன்று. சோழவந்தானைக் கடந்து மதுரை வழியே வைகை செல்லும் திசையில் அமைந்த கீழடியில் நடந்த அகழாய்வுகளில் கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன. பழனியை அடுத்த பொருந்தலிலும் அவை மிகுதியாக வெளிப்பட்டன. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு, பண்டைய மணித்தொழிலுக்குப் பெயர்பெற்ற இடமாகும். உலையில் உருகிய கண்ணாடியை மெல்லிய குழலாக இழுத்து, துண்டித்து மணியாக்கும் முறை அங்கு வழங்கியது; திருப்பதியை அடுத்த பாப்பாநாயுடுபேட்டையில் அம்முறை 20-ஆம் நூற்றாண்டிலும் நிலைத்திருந்தது. இதனின் வேறான மற்றொரு முறையும் உண்டு. களிமண் பூசிய இரும்புக் கம்பியின்மேல், விளக்குச் சுவாலையில் இளக்கிய கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு மணியாக உருவாக்குவது அது. நிறம் எதிர்பாராமல் மாறும் விந்தையைக் கண்முன்னே காட்டுவது இவ்விரண்டாம் முறையே.

செம்பு கலந்த நீலப்பச்சைக் கண்ணாடியை ஒருவர் சுவாலையில் பிடிக்கிறார் என்று கொள்வோம். சுவாலையில் பிராணவாயு நிறைந்திருப்பின் நீலப்பச்சை கெடாது நிற்கும். பிராணவாயு குறைந்து எரிபொருள் மிகுந்தாலோ, மணியின் மேற்பரப்பில் செங்கற் சிவப்புப் படரும். கண்ணாடியில் செம்போடு கூடியிருந்த பிராணவாயுவில் ஒரு பங்கை அச்சுவாலை பறித்துக்கொள்வதே காரணம். கைவினைஞர் செம்பை மாற்றவில்லை. சிவப்புச் சாயம் எதனையும் சேர்க்கவில்லை. அதே செம்பு, அதே கண்ணாடி. சூழ்ந்த காற்று ஒன்றே வேறு. பண்டைய மணிகளிற் காணப்படும் ஒளிபுகாச் செந்நிறமும் இவ்வாறு பிராணவாயுவை அளவாகக் குறைத்துச் செம்பினின்று பெற்றதேயாகும். தெரிந்து செய்தவனுக்கு அச்சிவப்பு அணியாயிற்று. தெரியாமல் செய்தவனுக்கு அதுவே கறையாகத் தோன்றுகிறது.

வேதாந்த நூல்களில் ஸ்படிகத்தின் உவமை பெரிதும் வழங்குகிறது. செம்பருத்தி மலரின் அருகில் வைத்த ஸ்படிகம் சிவப்பாகத் தோன்றும். மலரை அகற்றினால் சிவப்பு அகலும். அச்சிவப்பில் ஸ்படிகத்துக்குப் பங்கில்லை. மணியின் கதை இதனின் வேறு. சுவாலையை அணைத்த பின்னும் மணியின் சிவப்பு நிற்கிறது. மேலும், செம்பு கலவாத தெளிந்த கண்ணாடி அதே சுவாலையில் அவ்வாறு சிவப்பதில்லை. எனவே குற்றம் முழுவதும் தீயினுடையது என்று கூற இயலாது. தீயின்றிச் சிவப்பு வந்திராது. ஆதலின் முழுவதும் மணியினுடையது என்றும் கூற இயலாது. உள்ளே செம்பு இருந்தது. வெளியே தீ இருந்தது. இரண்டும் கூடிய இடத்தில் நிறம் பிறந்தது.

ஸ்ரீராமாநுஜ தரிசனம் இதனினும் ஆழ்ந்த ஓர் உண்மையைக் கூறுகிறது. ஆன்மாவின் ஸ்வரூபம் ஞானமும் ஆனந்தமுமாக இருப்பது, அதற்கு விகாரமில்லை. விளக்குக்கு ஒளிபோல ஆன்மாவைப் பற்றி நிற்கும் தர்மபூத ஞானமே கர்மத்தால் சுருங்கவும், அருளால் விரியவும் செய்கிறது. சினமும் பேராசையும் பொய்யும் அச்சுருக்கத்தின் தோற்றங்கள். மணியினுள் கலந்த செம்பைப் பூர்வ வாசனைக்கு ஒப்பிடலாம். சுவாலையை வாழ்வின் சூழலுக்கு ஒப்பிடலாம். மணி நீலமாயினும் சிவப்பாயினும் கண்ணாடி கண்ணாடியே. ஒருவரிடம் வெளிப்பட்ட தீக்குணம் உண்மையே. அதனால் விளைந்த துன்பமும் உண்மையே. ஆயினும் அதுவே அவருடைய ஸ்வரூபம் என்று முடிவுகட்ட எவருக்கும் உரிமையில்லை.

தீயில் இருக்கும்போதே நிறத்தைத் தீர்மானிப்பதும் தவறு. காட்மியம் சேர்ந்த மஞ்சட் கண்ணாடி சூட்டில் செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் தோன்றும். ஆறிய பின்னரே தன் மஞ்சளைக் காட்டும். பழகிய கைவினைஞர் சுவாலையிற் கண்ட நிறத்தை நம்பி மணியை எறிவதில்லை; மெல்ல ஆறவிட்டு, பின்னரே பார்க்கிறார். துயரத்தின் நடுவில் ஒருவர் பேசிய சொல்லை ஆயுள் முழுவதும் நினைவில் வைத்திருப்போர், இந்தக் கைவினைஞரிடம் கற்கவேண்டிய பாடம் இது.

தீ மறைந்திருந்த மேன்மையையும் வெளிப்படுத்துவதுண்டு. பொன் சிறிதளவு கலந்து உருக்கி விரைந்து குளிர்வித்த கண்ணாடி, பெரும்பாலும் நிறமின்றி இருக்கும். மீண்டும் அதனை மிதமாகச் சூடேற்றினால், உள்ளே கரைந்திருந்த பொன் நுண்துகள்களாகத் திரண்டு மாணிக்கச் சிவப்பைத் தரும். பொன்னின் நுண்துகள்களுக்கும் செந்நிறத்துக்கும் உள்ள தொடர்பை மைக்கேல் ஃபாரடே 1857-ல் ஆராய்ந்து கூறினார். ஆயின் சூடு அளவு கடந்தால் துகள்கள் பருத்து, மாணிக்கம் மங்கிப் பழுப்பேறும். எனவே, ‘துன்பம் மனிதனைப் புடம்போடும்’ என்று துன்புறுவோரிடம் எளிதாகக் கூறிவிடலாகாது. எந்தச் சூடு பொன்னை வெளிப்படுத்தும், எந்தச் சூடு அதனைக் கெடுக்கும் என்பதை அனுபவிப்பவரும் அறியார்; அருகில் நிற்பவர் செய்யத்தக்கது சூட்டைத் தணிப்பதே.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். நிறத்துக்குத் தீயும் காரணம் எனின், தவறு செய்த ஒவ்வொருவரும் தீயைக் காட்டித் தப்பிக்கலாமே? தப்பிக்க இயலாது. மணிக்குத் தன் சுவாலையைத் தேரும் ஆற்றல் இல்லை. மனிதனுக்கு ஓரளவேனும் உண்டு. இரணியனுடைய மாளிகையில் வளர்ந்த பிரகலாதனைச் சூழ்ந்திருந்தது அகந்தையின் தீயே. ஆயினும் நாரதர் உபதேசத்தைப் பற்றி நின்றமையால் அவன் நிறம் மாறவில்லை. பெரியோர் பாகவத சங்கத்தை வற்புறுத்தியது இதனாலேதான். தன்னுள் இருக்கும் செம்பை அறிந்தவன், எந்தச் சுவாலையின் அருகில் நிற்கலாகாது என்பதையும் அறிதல் வேண்டும். அறிந்தும் நின்றவன் தீயைப் பழித்தல் முறையன்று.

இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே காட்டுவது தொண்டரடிப்பொடியாழ்வாரின் வரலாறு. திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்துப் பூமாலைத் தொண்டு புரிந்த விப்ரநாராயணர், தேவதேவியின் மையலில் அகப்பட்டுத் தம் கைங்கரியத்தை மறந்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். பொருளிழந்து அவள் வாசலில் நின்ற நாளில், அரங்கன் தன் சந்நிதிப் பொன்வட்டிலை அவர் பெயரால் அவளிடம் சேர்த்தான். களவுப் பழி அவர்மேல் வந்தபோது, அதனைத் துடைத்தவனும் அரங்கனே. நந்தவனத்தில் ஒரு நிறம், தேவதேவியின் வாசலில் ஒரு நிறம். ஆயினும் எம்பெருமான் இரண்டாம் நிறத்தைக் கண்டு அவரைக் கைவிடவில்லை. ஆழ்வாரோ தேவதேவியைச் சாட்டித் தம்மை விடுவித்துக்கொள்ளவில்லை; தம் பாசுரங்களில் தம் தாழ்வையே எடுத்துரைத்தார்.

ஆராய்ந்து பார்ப்பின், அறக்கேள்விக்குரிய விடை இங்கேயே அமைந்துள்ளது. ஒரே அளவுகோலால் தன்னையும் பிறரையும் அளத்தல் நேர்மை என்று உலகம் கருதும். பாகவத நெறியோ இரண்டு அளவுகோல்களை வழங்குகிறது. தன் குறையைக் காணும்போது தீயைச் சாட்டாதே. உள்ளிருந்த செம்பை நினை. பிறர் குறையைக் காணும்போது செம்பை மட்டும் நோக்காதே. அவரைச் சூழ்ந்த தீயையும் நினை. உலகமோ பெரும்பாலும் இதனைத் தலைகீழாகக் கையாளுகிறது; உறவுகள் பல முறிவது அதனாலேயாம்.

செம்பின் சிவப்புப் படர்ந்த மணியை எறிந்துவிட வேண்டுவதில்லை. பிராணவாயு நிறைந்த சுவாலையில் மீண்டும் இளக்கினால், மேற்படர்ந்த சிவப்புப் பெரும்பாலும் நீங்கி நீலப்பச்சை திரும்பும். ஆறி இறுகிய மணியையும் மெல்லச் சூடேற்றி மீட்கலாம். அவசரப்பட்டால் அது வெடித்துவிடும். தவறியவரைத் திருத்த முற்படுவோர்க்கும் அப்பொறுமை வேண்டும்.

மதுரையில் அழகர் எந்நிறப் பட்டுடுத்தி வைகையில் இறங்குவார் என்று மக்கள் ஆவலோடு காத்திருப்பர். பச்சைப் பட்டெனில் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. சோழவந்தானிலும் ஜெனக நாராயணப் பெருமாள் கள்ளழகர் திருக்கோலத்தில் வைகையில் எழுந்தருளுகிறார். பட்டின் நிறம் ஆண்டுக்காண்டு மாறலாம். உடுத்தியவனுடைய கருணை மாறுவதில்லை. அவனைச் சேவித்துத் திரும்பும் அன்பர்கள், நிறம் மாறிய காரணத்தால் தம் இல்லத்து வாசலோடு நிறுத்திய ஒருவரேனும் உளராயின், அவரை உள்ளே அழைக்கும் நெஞ்சுரத்தைப் பெறுவாராக. அதற்கு அவன் திருவருள் துணைநிற்பதாக.