ரேழியில் தொங்கும் எண்

டொனெல்லா மெடோஸ் எழுதிய ஒரு நூலில் ஒரு கதை வருகிறது. ஆம்ஸ்டர்டாம் அருகே ஒரே அச்சில் கட்டிய வீடுகள். எப்படியோ சில வீடுகளில் மின் மீட்டரை நிலவறையில் வைத்துவிட்டார்கள், சில வீடுகளில் முன்வாசல் கூடத்தில். 1973 எண்ணெய் நெருக்கடி சமயத்தில் பார்த்தால், மீட்டர் முன்வாசலில் இருந்த வீடுகளில் மின்செலவு மூன்றில் ஒரு பங்கு குறைவு. விலை அதேதான், மனிதர்களும் ஏறக்குறைய அதே மாதிரியானவர்கள்தான். போக வர அந்தச் சக்கரம் சுற்றுவது கண்ணில் பட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். மெடோஸே ஒரு கருத்தரங்கில் காதால் கேட்ட கதை இது. ஆனாலும் என்னைப் போல மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது ஒரு புராணம் மாதிரி. தகவலைச் சரியான இடத்தில் காட்டு, மனிதன் தானாகத் திருந்துவான்.

அப்படிப் பார்த்தால் திருவிடைமருதூர் உலகத்துக்கே முன்னுதாரணமாக இருந்திருக்க வேண்டும். எங்கள் ஊர் பழைய வீடுகளில் திண்ணை ஏறி, நிலைப்படி தாண்டினால் ரேழி. ரேழியில் தலைக்கு மேலே பலகையில் மீட்டர். செருப்பை விடும்போது, சைக்கிளை நிறுத்தும்போது, குடையை மாட்டும்போது எல்லாம் கண்ணெதிரே. ஆனால் ஐம்பது நாளைக்கு யாரும் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ரீடிங் எடுக்க ஆள் வரும் தேதி நெருங்கினால்தான் ஸ்டூல் போட்டு ஏறுவார்கள். ஏறியதும் போன தடவை எழுதிய எண்ணை ஈ.பி. அட்டையில் பார்த்து, கழித்து, அதிலிருந்து இன்னொரு கழித்தல் செய்வார்கள். நூறுக்கு இன்னும் எவ்வளவு? ஐந்நூறுக்கு இன்னும் எவ்வளவு?

தமிழ்நாட்டில் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2016 மே மாதத்திலிருந்து வீடுகளுக்கு முதல் நூறு யூனிட் இலவசம். ஐந்நூறின் கதை இன்னும் சுவாரசியம். 2017இல் தொடங்கி 2022 செப்டம்பர் வரை இருந்த கட்டணத்தில் சரியாக ஐந்நூறு யூனிட் ஓடினால் 1,130 ரூபாய். ஐந்நூற்று ஒன்று ஓடினால் ஏறத்தாழ 1,786 ரூபாய். அதாவது அந்த ஒரு யூனிட்டின் விலை 656 ரூபாய்! கணக்கெடுப்பவர் நாலு நாள் தள்ளி வந்தால் என்ன ஆகும் என்று மத்தியதர வீடுகள் பயந்தது இதனால்தான். இந்த அமைப்பு கற்றுக்கொடுத்தது சிக்கனத்தை அல்ல, எல்லையை. முந்நூற்றி எண்பதில் நிற்கும் வீட்டுக்கு அது சொன்னது "இன்னும் நூற்றி இருபது பாக்கி இருக்கு, ஏசியைப் போடு" என்பதைத்தான். மாடிக்குத் தனி இணைப்பு வாங்கி இரண்டு நூறாக ஆக்கிக்கொண்ட வீடுகளும் நமக்குத் தெரியும். எண்ணைக் காட்டினால் மனிதன் மாறுவான் என்பது சரி. எந்தப் பக்கம் மாறுவான் என்பதை எண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும் இலக்குதான் தீர்மானிக்கிறது.

இதை ஆய்வாளர்களும் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் நகரில் சுமார் முந்நூறு வீடுகளில் நடந்த ஒரு சோதனை 2007இல் வெளியானது. அக்கம்பக்கத்துச் சராசரி எவ்வளவு, உன் வீடு எவ்வளவு என்று கதவில் சீட்டு மாட்டினார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். குறைவாகச் செலவழித்தவர்கள் கூட்டிக்கொண்டார்கள்! நாம்தான் அநாவசியமாகக் கஷ்டப்படுகிறோமோ என்ற நினைப்பு. சீட்டில் ஒரு சிரித்த முகத்தைப் போட்டதும் அந்த ஏற்றம் பெரும்பாலும் நின்றுவிட்டது. வடஇந்திய நகர வீடுகளில் அனந்த் சுதர்சன் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், வாரா வாரம் அண்டைவீட்டு ஒப்பீடு கொடுத்ததில் கோடைக்காலச் செலவு 7 சதவீதம் குறைந்தது. அதே ஒப்பீட்டோடு பண ஊக்கமும் சேர்த்துக் கொடுத்தபோது குறைவே காணாமல் போனது. காசு உள்ளே வந்ததும் அது வேறு விளையாட்டு ஆகிவிடுகிறது போல.

இந்த முடிவுகளைப் படித்துவிட்டு நம் ஊருக்கும் சிரித்த முகம் போட்ட சீட்டு அடிக்கலாமே என்று தோன்றும். பக்கத்தில் இருக்கும் திருபுவனத்தை நினைத்துப் பார்த்தால் தயக்கம் வருகிறது. பட்டு நெசவு ஊர். ஒரு வீட்டில் குழித்தறி ஓடும், தறிக்கு மேலே விடிகாலையிலிருந்து விளக்கு எரியும். அடுத்த வீட்டில் பையன் சிங்கப்பூரில், இங்கே வயதானவர்கள் இரண்டு பேர். இவர்களில் யார் யாருக்கு அளவுகோல்? கைத்தறிக்கு 2023இல் இலவசத்தை 200 யூனிட்டிலிருந்து 300ஆக உயர்த்தியதே அந்த விளக்கு ஆடம்பரமில்லை என்று ஒப்புக்கொண்டதால்தான். மீட்டருக்கு அது தெரியாது. ஊதாரித்தனத்தையும் பிழைப்பையும் அது ஒரே சக்கரத்தில்தான் சுற்றிக் காட்டும்.

என் அத்தைக்கு எழுபத்து மூன்று வயது. திருவிடைமருதூரில் தனியாக இருக்கிறார். மே மாதத்து ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஃபேனை நிறுத்திவிட்டு, விசிறியை எடுத்துக்கொண்டு முற்றத்துப் பக்கம் வந்து உட்காருவார். கேட்டால், "நூறைத் தாண்டிடும்டா தம்பி" என்பார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். ராத்திரிக்குப் பத்து மணி நேரம் என்றால் முக்கால் யூனிட், அறுபது ராத்திரிக்கு 45 யூனிட். சின்ன ஃபிரிட்ஜ் நாளைக்கு ஒரு யூனிட் என்றால் 60. இரண்டையும் கூட்டினாலே 105. விளக்கும் டிவியும் மிக்ஸியும் கணக்கிலேயே இல்லை. ஆக அத்தையின் பயம் நியாயமானது. ஆனால் நூறைத் தாண்டிப் பத்து யூனிட் போனால் வரக்கூடிய பில் இருபத்தைந்து ரூபாய்க்குள். அவரால் கட்ட முடியாத தொகை இல்லை. கோயில் வாசலில் பூ வாங்க அதைவிட அதிகம் கொடுக்கிறார்.

அவர் காசைச் சேமிக்கவில்லை, ஒரு சைபரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். "நமக்கு என்னிக்குமே பில்லு கிடையாது" என்று எதிர்வீட்டுக்காரம்மாவிடம் சொல்லும்போது அவர் குரலில் இருப்பது கடன் வைக்காதவரின் நிமிர்வு. அதைச் சிக்கனம் என்ற அறமாக மெச்சுவதா, ஓர் அரசாணை போட்ட கோட்டுக்குத் தன் தூக்கத்தைக் கொடுக்கிறாரே என்று வருத்தப்படுவதா? ரெண்டும் உண்மை என்று நழுவிவிடலாம்தான். என் பதில், வருத்தப்பட வேண்டும் என்பதே. சான் மார்கோஸ் சீட்டு அத்தையின் கதவுக்கு வந்திருந்தால் சிரித்த முகம்தான் போட்டிருக்கும். அவருடைய வியர்வைக்கு ஒரு இயந்திரம் சபாஷ் சொல்வதில் ஏதோ அசிங்கம் இருக்கிறது.

ரேழியை விட்டு வயலுக்கு வந்தால் எண்ணே கிடையாது. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் வந்தது. மீட்டர் தேவையில்லாமல் போனது. ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிவிட்டால் த்ரீ ஃபேஸ் வந்ததும் மோட்டார் தானே ஓடும், ஆள் வீட்டில் தூங்கலாம். பின்னூட்டம் இல்லாவிட்டால் மனிதன் இப்படித்தான் என்று பொறியாளர்கள் உடனே தீர்ப்பெழுதிவிடுவார்கள். ஆனால் அதே விவசாயி தினமும் காலையில் டீக்கடையில் பேப்பரைப் பிரித்து முதலில் தேடுவது ஓர் எண்ணைத்தான்: மேட்டூர் நீர்மட்டம். முழு நீர்மட்டம் 120 அடி. ஜூன் 12ஆம் தேதி திறப்பார்களா என்பது அந்த எண்ணில் இருக்கிறது. பல மைல் தள்ளியிருக்கும் ஓர் அணையின் அளவுகோலைப் பார்த்து இங்கே குறுவை போடுவதா வேண்டாமா, நாற்று எப்போது விடுவது என்று முடிவெடுக்கிறார்கள். எண்ணை மதிக்காதவர்கள் இல்லை இவர்கள். மேட்டூர் எண் தண்ணீரைக் கொண்டுவரும். மோட்டாரில் மாட்டும் மீட்டர் நாளைக்கு பில்லைக் கொண்டுவரும் என்பது அவர்கள் கணக்கு. எதற்காக அளக்கிறார்கள் என்று தெரியாத அளவையை யாரும் நம்பமாட்டார்கள்.

ஸ்மார்ட் மீட்டர் வரும்போது இந்தக் கேள்வி ரேழிக்கும் வரும். நாடு முழுக்க 25 கோடி ப்ரீபெய்ட் ஸ்மார்ட் மீட்டர் என்பது 2021இல் ஒன்றிய அரசு வைத்த இலக்கு. நாம் எப்போது எழுகிறோம், எப்போது துணி துவைக்கிறோம் என்பதெல்லாம் அலுவலகத்துக்குத் தெரியும். நமக்கு ஓர் ஆப். பழைய மீட்டரில் இருவருக்கும் ஒரே எண்தான் தெரிந்தது, அதையும் ஆள் நேரில் வந்து, அட்டையில் எழுதி, கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சோழர் கல்வெட்டுகளில் கோயில் நந்தா விளக்குக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். எரிபொருளின் அளவு கல்லில், ஊரே பார்க்கும்படி. அங்கே கணக்குக் கேட்கப்பட்டது ஆடுகளை ஏற்று நெய் அளக்கப் பொறுப்பெடுத்தவர்களிடம். வெளிச்சத்தில் நிற்பவரிடம் யாரும் கேட்கவில்லை. அத்தை விஷயத்தில் யாரைக் கேட்பது? பி.எல்.டி.சி ஃபேன் 30 வாட்தான் இழுக்கும், அதே அறுபது ராத்திரிக்கு 18 யூனிட். விலை மட்டும் கூட. பழக்கத்தை மாற்று என்று அவரிடம் சொல்வதைவிட ஃபேனை மாற்று என்று வேறு யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். போன வருஷம் நாங்களே வாங்கி மாட்டினோம்.

அடுத்த கணக்கில் 81 வந்தது. அத்தை அட்டையைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை பார்த்தார். இப்போது ராத்திரி முழுக்க ஃபேன் ஓடுகிறது. கூடவே கொல்லைப்புறத்தில் ஒரு விளக்கும் விடிய விடிய எரிகிறது. "மீதி இருக்கேடா, பின்னாடி சந்துல பொம்பளப் புள்ளைங்க வேலை முடிஞ்சு இருட்டுல வருதுங்க" என்கிறார்.